முறையறிந்த நீர்: எண்ணூர்க் கழிமுகத்தின் கதை

மீன்பிடித் தொழிலராய் இருந்து திருத்தூதரான பேதுருவை நம் முன்னோர் இராயப்பர் என்று அழைத்தனர். சென்னையின் வடபாலுள்ள இராயபுரம் அவர் பெயரால் வழங்கும் ஊர். கப்பலுக்கும் கரைக்கும் இடையே மசூலாப் படகுகளில் ஆளையும் சரக்கையும் ஏற்றியிறக்கிய குருகுல வம்சத்துப் படகோட்டிகள் 1829-ஆம் ஆண்டில் அங்கே அவருக்கு ஆலயம் எழுப்பினர். அந்தக் கரையோரமாகத் திருவொற்றியூரைக் கடந்து வடக்கே சென்றால் எண்ணூர். அங்கே கொசத்தலை ஆறு கடலோடு கலக்கிறது. கடலை எல்லாரும் காண்கிறோம். கழிமுகத்தைக் காண்பவர் சிலரே. ஆயினும் கடலில் பிடிபடும் மீனிலும் இறாலிலும் ஒரு பெரும்பங்கு வளர்ந்த தொட்டில் இத்தகைய கழிமுகமே.

தொட்டிலின் இயல்பு

எண்ணூரார் இதனை ‘ஆறு’ என்றே சொல்வர். உண்மையில் அது ஆறும் கடலும் முறை வைத்து ஆளும் நீர்ப்பரப்பு. வடக்கே பழவேற்காடு ஏரியோடும் தெற்கே பக்கிங்காம் கால்வாயோடும் அது தொடர்புடையது. வெள்ளை இறால் போன்ற இனங்கள் கடலில் முட்டையிடுகின்றன. அவற்றின் நுண்ணிய குஞ்சுகள் ஓதத்தோடு முகத்துவாரம் வழியே உள்ளே வந்து, சேற்றிலும் அலையாத்தி மரங்களின் வேரடியிலும் சில மாதம் தங்கி வளர்ந்து, பின்னர் கடலுக்குத் திரும்புகின்றன. மடவை, கொடுவா முதலிய மீன்களின் இளமைக்காலமும் இத்தகைய உவர்நீரில்தான் கழிகிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு பெருகி, முகத்துவாரத்தில் படிந்த மணல்மேட்டை அறுத்துக்கொண்டு கடலில் பாயும். உப்பு குறையும், தேங்கிய கசடு வெளியேறும், வளர்ந்த இறால் வெள்ளத்தோடு கடல்நோக்கிக் கிளம்பும். தை பிறந்தபின் கடல்நீரின் கை ஓங்கி, உப்பு மெல்ல ஏறும். கோடையில் மணல் படிந்து வாய் குறுகும். ஆகவே மழைக்காலத்தில் வரும் ஆற்றுநீரின் அளவும், முகத்துவாரத்தின் ஆழமும், அடித்தரையின் தூய்மையும் ஆகிய மூன்றுமே அந்த நீரின் நலத்தை முடிவு செய்கின்றன. இவற்றுள் ஒன்று கெட்டாலும் தொட்டில் ஆட்டம் காணும்.

பாடு என்னும் அறம்

இந்த இயல்பை அறிந்த மீனவர், அதற்கேற்பத் தமக்குள் ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டனர். ‘பாடு’ என்பது அதன் பெயர். இறால் கடலுக்குத் திரும்பும் வழியில் முளையடித்து வலை கட்டுவதற்கு ஏற்ற இடங்கள் சிலவே உண்டு. எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் சண்டை வரும், இறாலும் மிஞ்சாது. ஆதலால் ஊர்களும் குடும்பங்களும் நாள்முறை வைத்துக்கொண்டு, யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானித்தனர். நல்ல இடம் வலியவனுக்கே என்றில்லாமல் எளியவனுக்கும் ஒருநாள் கிடைத்தது. பழவேற்காட்டில் இம்முறை ஆய்வாளர்களால் விரிவாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது; எண்ணூர்க் குப்பங்களும் இம்முறைக்கு உரியவையே. வலையின்றிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் அந்த நீரில் இடமிருந்தது.

இதே மாகாணத்தின் மற்றொரு நீரை இங்கே நினைத்துப் பார்ப்பது பயன் தரும். நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் தூண்டில் போட விரும்பிய வெள்ளையர், டிரவுட் என்னும் அயல்நாட்டு மீனை அங்கே குடியேற்றப் பலமுறை முயன்றனர். 1907-இல் அவலாஞ்சியில் அதற்கெனக் குஞ்சு பொரிப்பகமே அமைந்தது. அத்தகைய குடியேறிய மீன்களையும் வேட்டை விலங்குகளையும் காக்க 1879-ஆம் ஆண்டிலேயே நீலகிரிக்குத் தனிச் சட்டம் இருந்தது. சிலரின் பொழுதுபோக்குக்கான மீனுக்கு அரசே காவலாய் நின்றது. பலரின் உணவுக்கான எண்ணூர் இறாலுக்கோ அதைப் பிடித்த மக்களின் கட்டுப்பாடே காவல். அந்தக் காவலை மதிக்கவேண்டும் என்ற எண்ணம் பின்னர் வந்த திட்டங்களில் இடம்பெறவில்லை.

மாற்றங்களின் வரிசை

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர்வரை வெட்டத் தொடங்கிய கால்வாய், பின்னர் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் சென்ற அவ்வழி காலப்போக்கில் நகரின் கழிவுநீரைச் சுமந்தது. 1944-இல் கொசத்தலையின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தது. சென்னையின் தாகம் தீர்ந்தது நன்மையே. ஆனால் முகத்துவாரத்தைக் கழுவிவிட வேண்டிய வெள்ளத்தில் ஒரு பகுதி அன்றே பிரிந்தது.

1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது; அது 2017-இல் மூடப்பட்டது. 1994 முதல் வடசென்னை அனல்மின் நிலையமும், அதன்பின் வல்லூர் அனல்மின் நிலையமும் வந்தன. நிலக்கரி எரிந்தபின் எஞ்சும் சாம்பலை நீரோடு குழைத்துக் குழாய்வழி அனுப்புவார்கள். குழாய்கள் உடைந்தபோதெல்லாம் குழம்பு கழிமுகத்தில் கொட்டியது. சாம்பல் படிந்து ஆழம் குறைந்தது. இறால் புதைந்து வாழும் மென்சேறு மூடப்பட்டது. 2001-இல் கழிமுகத்திற்கு வடக்கே எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. நம் கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அலைதடுப்புச் சுவர் அதை மறிக்கும்போது, சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து முகத்துவாரத்தை நெருக்குகிறது. சென்னைத் துறைமுகத்தின் சுவர்களால் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே இராயபுரம் கடலரிப்புக்கு ஆளானதும் இதே விதியின் இரு முகங்களே.

இவற்றோடு விபத்துகளும் சேர்ந்தன. 2017 ஜனவரி 28-இல் துறைமுகத்திற்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. எர்ணாவூர்க் கரையில் ஆட்கள் வாளிகளால் அதை அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வந்து கழிமுகமெங்கும் பரவியது. மீன்பிடிப் படகுகளே அதை வழித்தெடுக்கும் படகுகளாயின. அம்மாதம் 26-ஆம் நாள் இரவு, கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்களும் சின்னகுப்பத்து மக்களும் உறக்கத்திலிருந்து எழுந்து ஓடினர். ஆழிப்பேரலை அவர்களைத் தாக்கிய அதே டிசம்பர் 26.

ஓசையின்றி வந்த பகையும் உண்டு. தென்னமெரிக்காவைச் சேர்ந்த ஒருவகைச் சிப்பியினம் இங்கே பெருகிவிட்டது. மீனவர் அதைக் ‘காக்கா ஆழி’ என்பர். கொத்துக் கொத்தாகப் படர்ந்து அடித்தரையைப் பாய்போல் மூடுகிறது. மட்டியும் இறாலும் வாழ்ந்த சேற்றில் இப்போது கால் வைத்தால் ஓடு கிழிக்கிறது.

ஓய்வு யாருக்கு?

கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. மீன் இனம் பெருக ஓய்வு வேண்டும் என்பது அதன் நியாயம். மீனவர் அதற்குக் கட்டுப்படுகின்றனர். ஆனால் அந்த 61 நாளிலும் சாம்பற் குழாய் ஓய்வதில்லை, கழிவுநீர் நிற்பதில்லை. வலைக்கு ஒரு நீதி, ஆலைக்கு ஒரு நீதி என்றால் கடலில் விட்ட முட்டை எங்கே வளரும்? தாய் மீனுக்கு விடுமுறை தந்துவிட்டு அதன் தொட்டிலில் சாம்பலைக் கொட்டுவது எப்படிப்பட்ட காவல்?

2022-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சாம்பலை அகற்றிக் கழிமுகத்தைச் சீர்செய்யப் பணித்தது. வழி இல்லை என்று இனி யாரும் சொல்லமுடியாது. படிந்த சாம்பலையும் அயற்சிப்பியையும் எடுப்பது, உடைந்த குழாய்களை மாற்றுவது, முகத்துவாரத்தைப் பருவமறிந்து திறந்து வைப்பது, இவை யாவும் செய்யக்கூடியவை. எந்த மாதம் எங்கே தோண்டினால் குஞ்சுகளுக்குக் கேடு வராது என்பதைக் குப்பங்களின் முதியோர் அறிவர்; அவர்களைக் கேட்காமல் செய்யும் சீரமைப்பு மற்றொரு சிதைவாய் முடியலாம்.

இது மீனவர் வழக்கு மட்டுமன்று. நம் இல்லங்களில் எரியும் விளக்கிலும், வாகனத்தில் ஊற்றும் எண்ணெயிலும், குழாயில் வரும் குடிநீரிலும் அந்த ஆற்றின் பங்கு உண்டு. பெற்றுக்கொண்டவர் நாம், கொடுத்தவர் அவர்கள். பாட்டின் அறம் மிக எளியது: என் முறை முடிந்ததும் விலகி நின்று அடுத்தவனுக்கு வழிவிட வேண்டும். ஏறத்தாழ ஐம்பத்தைந்து ஆண்டுகளாக அந்த நீரில் ஆலைகளின் முறையே நடந்துவருகிறது. மீனுக்கும் மீனவருக்கும் உரிய முறை எப்போது வரும் என்பதே எண்ணூர் நம்மிடம் கேட்கும் கேள்வி.