உறையினுள் இருந்த பெயர்

பாட்டனைப் பெற்றவள் யார் என்றறிய விழைந்து, வியன்னா நகரின் பழைய பிரசவ மனையை நாடித் தேடுவோர் இன்றும் உளர். 1847இல் மருத்துவர்களைக் கைகழுவச் செய்து தாய்மார் உயிர் காத்த ஸெம்மல்வைஸ் பணியாற்றிய இடம் அது.

1784இல் அதனை நிறுவிய சக்கரவர்த்தி இரண்டாம் ஜோஸப், மணமாகாது கருவுற்ற பெண்கள் சிசுவைக் கொன்றுவிடாதிருக்க ஓர் ஏற்பாடு செய்தார். கட்டணம் செலுத்துபவள் முகத்திரையுடன் தனி வாயில் வழியே வரலாம். பெயர் கூற வேண்டியதில்லை. உண்மைப் பெயரைத் தாளில் எழுதி, முத்திரையிட்ட உறையில் வைத்திருந்தால் போதும். அவள் இறந்தாலன்றி அவ்வுறை பிரிக்கப்படாது. பிழைத்து எழுந்தவள் அதனைத் தன்னுடனேயே எடுத்துச் சென்றுவிடுவாள். குழந்தையோ, பெரும்பாலும், கைவிடப்பட்ட சிசுக்களுக்கென அமைந்த இல்லத்தில் சேர்ந்து, அங்கிருந்து கிராமத்து வளர்ப்புத் தாயரிடம் போய்ச் சேரும்.

பணமில்லாதவளுக்கு இம்மறைவு கிட்டவில்லை. அவள் பெயரும் வயதும் ஊரும் பதிவாயின. மாணவர் பயிற்சிக்கும் அவள் உடன்பட வேண்டியிருந்தது.

1910இல் சிசு இல்லம் மூடப்பட்டது. எஞ்சிய ஏடுகள் நகர ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றைப் புரட்டுவோர்க்கு ஏழைத் தாயின் பெயர் கிடைக்கிறது; வசதி படைத்தவளின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாயிருக்கிறது. சர்க்கார் கோப்புகளுடன் காலங்கழிக்கும் எனக்கு இது விந்தையாகவே படுகிறது. வழக்கமாக ஏடுகளில் விடுபட்டுப்போவது ஏழையின் பெயரன்றோ?

அப்பழைய மருத்துவமனை முற்றங்களில் 1998 முதல் பல்கலைக்கழகத் துறைகள் இயங்கி வருகின்றன.