சந்திரசேகரும் மேற்கோள் கணக்கும்
மயிலாப்பூரில் வளர்ந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் (1910–1995), மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தபோதே இலண்டன் ராயல் சொசைட்டி இதழில் கட்டுரை எழுதியவர். வெண்குறுமீன்களின் நிறைக்கு எல்லை உண்டு எனக் காட்டிய அவரது 1931-ஆம் ஆண்டுக் கட்டுரை இரண்டே பக்கம். அக்கருத்தை எடிங்டன் 1935-இல் வெளிப்படையாக மறுத்தார். நோபல் பரிசு 1983-இல்தான் வந்தது.

ஆனால் அவருடைய ஆய்விதழ்க் கட்டுரைகளில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுவது அதுவன்று. தற்செயல் இயக்கம் குறித்து 1943-இல் வந்த நீண்ட மீள்பார்வைக் கட்டுரை. ‘சந்திரசேகர் எல்லை’ பாடநூல் சொல்லாகிவிட்டதால், மூலக் கட்டுரையைப் பலரும் அடிக்குறிப்பில் தருவதில்லை (நியூட்டனுக்கும் இதே கதிதான்).

2005-இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் எச்-குறியீட்டை முன்வைத்தார். அது 20 என்றால், குறைந்தது 20 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 20 உள்ளன என்று பொருள். இக்கணக்கில் அந்த இரண்டு பக்கமும் ஒரே ஒரு கட்டுரைதான்.