இமயமலையின் பாறைப் பனியாறுகளும் உறைநிலமும்

பாறைப் பனியாறு என்பது கற்களும் பனிக்கட்டியும் கலந்து, மலைச்சரிவில் மிக மெதுவாக ஊர்ந்து இறங்கும் திரள். பார்ப்பவர் கண்ணுக்கு அது வெறும் கற்குவியல். மேலே வளைந்து வளைந்து வரப்புகள் ஓடும். முன்முனை செங்குத்தாக நிற்கும். அதன் காலடியில் கோடையிலும் கையை விறைக்க வைக்கும் நீர் கசியும். பெரும்பாலானவை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் முதல் ஓரிரு மீட்டர் வரை நகரும். இந்தியாவில் லடாக், இமாசலப் பிரதேசம், உத்தராகண்ட், சிக்கிம் மலைகளில் இவை உள்ளன.

இவை நிலைத்திருப்பது உறைநிலத்தில். குறைந்தது 2 ஆண்டுகள் தொடர்ந்து 0 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழேயோ இருக்கும் மண்ணும் பாறையும் உறைநிலம். பாறை வெடிப்புகளில் உறைந்த நீர் சாந்து போல மலையைப் பிடித்து வைத்திருக்கிறது. கோடையில் மேலடுக்கு மட்டும் இளகி, குளிர்காலத்தில் மீண்டும் இறுகும். காற்று சூடாகச் சூடாக இளகும் அடுக்கு ஆழமாகிறது, பிடிமானம் தளர்கிறது.

சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கட்டி மீது சாக்கைப் போட்டு மூடுவார்கள்; வெயில் உள்ளே இறங்க நேரமாகும். பாறைப் பனியாற்றின் மேற்கற்கள் செய்வதும் அதே வேலைதான். அதனால் திறந்து கிடக்கும் பனியாறுகள் சுருங்கிய பிறகும் இவை நீர் தரக்கூடும். லடாக் போன்ற வறண்ட பள்ளத்தாக்குகளுக்கு இது சிறிய விஷயமல்ல. ஆனால் சாக்குக்கு அடியிலும் ஐஸ் கரையத்தான் செய்கிறது. பல பத்தாண்டுகளாக அளக்கப்பட்டுவரும் ஆல்ப்ஸ் மலையில், 1990களுக்குப் பின் பல பாறைப் பனியாறுகள் வேகமெடுத்துள்ளன: சூடேறிய பனிக்கட்டி எளிதில் நெகிழ்கிறது, உருகுநீர் உள்ளே புகுந்து வழுக்க வைக்கிறது. உள்ளிருக்கும் பனி தீர்ந்துபோனால் நகர்வும் நின்றுவிடும்.

மலைகளை இளக்கும் இந்தச் சூட்டின் ஒரு ஊற்று வட சென்னையிலும் இருக்கிறது. 2001இல் திறக்கப்பட்ட எண்ணூர் துறைமுகம் முதன்மையாக அனல் மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கவே கட்டப்பட்டது. எரித்த சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் படிகிறது. அதன் பாதிப்பைச் சுமப்பவர்கள் அங்குள்ள மீனவர்கள். ஆனால் நிலக்கரி எரிந்து வெளியாகும் கரியமில வாயு அங்கே நிற்பதில்லை, உலகக் காற்றோடு கலந்து மலைகளையும் சூடாக்குகிறது.

உறைநிலம் தளர்ந்தால் நேர்வதைச் சிக்கிம் கண்டது. 2023 அக்டோபர் 3ஆம் தேதி இரவு, சுமார் 5,200 மீட்டர் உயரத்தில் உள்ள தெற்கு லோனாக் ஏரியின் பக்கச் சரிவு இடிந்து நீரில் விழுந்தது. பனியாறு குவித்துவிட்டுப் போன, உறைந்திருந்த அந்தக் கற்சரிவிலிருந்து விழுந்தது ஏறத்தாழ 1.47 கோடி கன மீட்டர். சுமார் 20 மீட்டர் உயர அலை எழுந்து கரையை உடைத்தது. ஏறக்குறைய 5 கோடி கன மீட்டர் நீர் தீஸ்தா பள்ளத்தாக்கில் பாய்ந்தது. சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் தீஸ்தா 3 திட்டத்தின் அணை அடித்துச் செல்லப்பட்டது. 55 பேர் இறந்தனர், 74 பேர் காணாமல் போயினர். பின்னர் பழைய செயற்கைக்கோள் படங்களை ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தனர். அந்தச் சரிவு 2016 முதலே ஆண்டுக்கு 15 மீட்டர் வரை நகர்ந்துகொண்டிருந்தது.