ஹெரால்டு ஸ்டியரிங்கும் ஒரு வெல்டிங் பொட்டும்

ஆபீஸ்ல ஆணி பிடுங்குற நான், போன மாசம் நிஜமாவே ஸ்பேனர் பிடிச்சேன் மக்களே. தாய்மாமாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு வேற ஸ்டியரிங் மாட்டணும். பழைய வீல்ல பிளாஸ்டிக் வெடிச்சு உள்ளே இருக்குற இரும்பு வளையம் எட்டிப் பார்க்குது. பிடிச்சா கை கிழியும். ஒரே ஒரு நட்டு, அஞ்சு நிமிஷ வேலைன்னு நினைச்சுத்தான் இறங்கினேன். (எஸ்டிமேட் சொதப்புறது நமக்குப் புதுசா என்ன? :-))

அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

ஆரம்பகாலக் கார்களில் வட்டமான ஸ்டியரிங்கே கிடையாது. படகுச் சுக்கான் மாதிரி ஒரு கைப்பிடிதான். 1894-ல் நடந்த பாரிஸ் - ரூவான் பந்தயத்தில் ஆல்ஃபிரட் வஷரோன் என்பவர் தன்னோட பனார் காரில் ஒரு சக்கரத்தை மாட்டி ஓட்டினார். அடுத்த சில வருஷங்களில் ஒவ்வொருத்தரா இதுக்கு மாறினார்கள். திருப்புறது சுலபமாச்சு. ஆனால் கூடவே ஒரு ஆபத்தும் வந்தது. சக்கரத்துக்குப் பின்னால் நீளமா ஒரு இரும்புத் தண்டு. அதன் ஒரு முனை வண்டியோட முன்பக்கம், மறுமுனை டிரைவரோட நெஞ்சுக்கு நேர். முன்னால் பலமா மோதினால் அது ஈட்டி மாதிரி உள்ளே பாயும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் மோதினால் மடங்கும் தண்டைத் தன் கார்களில் பரவலாகப் போட்டது 1967 மாடல்களில்தான். அங்கே அதற்கான விதி 1968-ல் அமலுக்கு வந்தது.

இப்ப நம்ம ஹெரால்டுக்கு வருவோம். இங்கிலாந்தில் 'ட்ரையம்ஃப் ஹெரால்டு' வெளியானது 1959-ல். உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. 25 அடி வட்டத்துக்குள்ளேயே திரும்பிடும் என்பதைச் சொல்லிச் சொல்லி விற்றார்கள். இதன் ஸ்டியரிங் தண்டு ஒரே நீளக் கம்பி இல்லை. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் துண்டுகள், அதை இறுக்கிப் பிடிக்க ஒரு கிளாம்ப். கிளாம்பைத் தளர்த்தினால் வீலை நம்ம வசதிக்கு முன்னே பின்னே நகர்த்திக்கலாம். பலமா மோதினால் கிளாம்ப் வழுக்கும், தண்டு உள்ளே போயிடும். அமெரிக்க விதிக்கு 9 வருஷம் முன்னாடியே, ஒரு சின்னக் குடும்பக் காரில்!

அந்தக் கார்தான் 1961-ல் இருந்து நம்ம வண்டலூர்ப் பக்கம், ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்டு' ஆனது. பிறகு நாலு கதவு வெச்ச ஹெரால்டும் இங்கே வந்தது. இங்கிலாந்தில்கூட அது கிடையாது. 1988-ல் அந்தத் தொழிற்சாலை மூடிட்டாங்க. அதனால இப்போ உதிரி பாகம்னா புதுப்பேட்டைதான் கதி.

ரேஸ் கார் ஸ்டைலில் ஒரு சின்ன மர வீலைத்தான் முதல்ல பார்த்து வெச்சிருந்தேன். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி. 16 அங்குல வீலை 14 ஆக்கினால், அதே திருப்பலுக்குக் கைபலம் ஏழில் ஒரு பங்கு கூடுதலா வேணும். மாமாவுக்கு எழுபதைத் தாண்டின தோள். அதனால புதுப்பேட்டையில தேடி பழைய அளவு வீலையே வாங்கினேன்.

முன் டயர்களை நேராக வெச்சு, பேட்டரி வயரைக் கழட்டி, ஹார்ன் பட்டனை எடுத்தேன். நட்டை முழுசா கழட்டாமல் ரெண்டு மரை மிச்சம் வெச்சுட்டு புல்லரைப் போட்டேன். முழுசா கழட்டியிருந்தா, வீல் சட்டுன்னு விடுபடும்போது நம்ம பல்லுதான் போகும். வீல் வந்தது. சரி, அப்படியே கிளாம்பையும் பார்த்துடலாம்னு டார்ச் அடிச்சேன்.

தண்டுகள் சேருற இடத்தில், வட்டமாக ஒரு வெல்டிங்.

உதவிக்கு வந்த மெக்கானிக் அண்ணன் பார்த்த உடனே சொன்னார்: "கிளாம்ப் வழுக்கியிருக்கும் தம்பி. வீல் ஆடுதுன்னு யாரோ பத்த வெச்சுட்டாங்க."

யாரோ ஒரு நல்ல மனுஷன், நல்ல எண்ணத்துல செஞ்ச வேலை. மாமாவும் முப்பது வருஷமா நெஞ்சுக்கு நேரே ஒரு ஈட்டியை வெச்சுக்கிட்டு மதுரைக்கும் திருச்சிக்கும் போய் வந்திருக்கார். பின்சீட்டில் நாங்க. நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

நம்ம தொழில்லயும் இது நடக்கும். எவனோ எழுதின கோடில் காரணம் புரியாத ஒரு வரி இருக்கும். தொல்லையா இருக்குன்னு தூக்கிடுவோம். டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும். அந்த வரி எதுக்கு இருந்ததுன்னு, விபத்து நடக்குற அன்னைக்குத்தான் தெரியும்.

மறுபடியும் புதுப்பேட்டை. வெல்டிங் பண்ணின தண்டைத் தூக்கிட்டு நல்லதா ஒண்ணு, கூடவே கிளாம்பும் வாங்கி, மேனுவலைப் பார்த்து ஆலன் ஸ்குருவையும் லாக் நட்டையும் முறைப்படி இறுக்கினோம். அஞ்சு நிமிஷ வேலை மூணு வார இறுதிகளைத் தின்னுடுச்சு.

மாமா ஏறி உட்கார்ந்தார். வீலை ரெண்டு அங்குலம் முன்னால தள்ளிக் கொடுத்தேன்.

"டேய், இது நகருமா? என் தொப்பைதான் பெருசுன்னு இத்தனை வருஷமா நினைச்சுட்டிருந்தேன்டா!"

உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ ஒரு பழைய ஹெரால்டு நின்னா, ஒரு டார்ச் எடுத்துட்டுப் போய் அந்த கிளாம்பைப் பாருங்க. வெல்டிங் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. மெக்கானிக் அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்றேன்.