ஏலத்தில் வந்த ஐரோப்பியரும் நம் ஊர் மைதானமும்



நம் பழைய மாணவர் குழுவில், சிப்காட்டில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். "ஐயா, தமிழ்நாடு டிராகன்ஸ்னு பேர் வச்சிருக்காங்க. கோல் காக்க அயர்லாந்துக்காரர், பெனால்டி கார்னர் அடிக்க நெதர்லாந்துக்காரர், சொல்லிக்கொடுக்கவும் நெதர்லாந்துக்காரர். இதுல தமிழ்நாடு எங்க இருக்கு?" நல்ல கேள்வி. இரண்டு வரியில் பதில் போட்டால் அந்தக் கேள்விக்கு மரியாதை இல்லை. அதனால் வகுப்பில் சொல்வதுபோல் முதலிலிருந்து சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பழைய கதை. ஒரு காலத்தில் ஹாக்கி கற்றுக்கொள்ள உலகமே நம்மைப் பார்த்தது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் தொடங்கி 1956 மெல்போர்ன் வரை தொடர்ந்து ஆறு தங்கம் நமக்கு. 1936இல் பெர்லின் இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை அவர்கள் மண்ணிலேயே 8-1 என்று வென்றோம். தியான் சந்த் தலைமை தாங்கிய அணி அது.

பிறகு தரை மாறியது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஹாக்கி ஆடினார்கள். நாம் ஏழாம் இடத்துக்குப் போனோம். 1980 மாஸ்கோவில் நம் தமிழ்நாட்டின் வி. பாஸ்கரன் தலைமையில் தங்கம் வென்றோம். ஆனால் 1986 லண்டன் உலகக் கோப்பையில் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவதாக வந்தோம். செயற்கைத் தரையில் பந்து வேகமாக ஓடும், நேராக ஓடும். மட்டையில் பந்தை ஒட்டவைத்து நெளிந்து வளைந்து போகும் நம் கலைக்கு அங்கே மதிப்புக் குறைந்தது. ஓட்டம், உடல் வலு, திட்டம், பெனால்டி கார்னர் ஆகியவற்றுக்கு மதிப்புக் கூடியது. நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் ஊர் கிளப்புகளிலேயே அந்தத் தரை வந்துவிட்டது. நம் பிள்ளைகளோ மண்ணில் ஆடிப் பழகி, போட்டிக்கு மட்டும் அந்தத் தரையில் இறங்கினார்கள்.

அப்போதும் ஐரோப்பியர்கள் நம் ஆட்களைத் தேடி எடுத்தார்கள். புனே அருகே கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தன்ராஜ் பிள்ளை, ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் கிக்கர்ஸ், பிரான்சில் லியோன், லண்டனில் இந்தியன் ஜிம்கானா ஆகிய கிளப்புகளுக்கு ஆடியவர். ஆக, வெளிநாட்டு வீரரைத் தேடிப் பிடிப்பது இன்று முளைத்த பழக்கமில்லை. வண்டி எந்தத் திசையில் ஓடுகிறது என்பதுதான் மாறியிருக்கிறது.

அந்தத் திசை மாற்றம் 2005இல் தொடங்கியது. அந்த ஆண்டு பிரீமியர் ஹாக்கி லீக் ஆரம்பமானது. சென்னை வீரன்ஸ், பெங்களூர் லயன்ஸ் என்று நமக்கு இரு பக்கமும் அணி இருந்தது. முதல் ஆண்டு கோப்பை ஹைதராபாத் சுல்தான்ஸ் அணிக்கு. பாகிஸ்தானின் சோகைல் அப்பாஸ் அந்த அணிக்கு ஆடினார். 2008உடன் அந்த லீக் நின்றது. 2012இல் வேர்ல்டு சீரீஸ் ஹாக்கி என்று ஒன்று வந்தது. சென்னை சீட்டாஸ், கர்நாடகா லயன்ஸ் இரண்டும் அதில் ஆடின. சர்வதேசக் கூட்டமைப்பின் அங்கீகாரம் இல்லாமல் நடந்த அது, ஒரே ஒரு முறையோடு முடிந்தது.

பிறகு 2012 டிசம்பரில் ஹாக்கி இந்தியா லீக் முதல் ஏலம் டெல்லியில் நடந்தது. சர்தார் சிங்கை டெல்லி அணி 78,000 டாலருக்கு எடுத்தது. அந்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜெர்மனியின் மோரிட்ஸ் ஃபூர்ஸ்டேயை ராஞ்சி அணி 75,500 டாலருக்கு எடுத்தது. 2013இல் முதல் கோப்பையை வென்றதும் அதே ராஞ்சிதான். அப்போது இருந்தவை ஐந்து அணிகள்: டெல்லி, பஞ்சாப், ராஞ்சி, மும்பை, உத்தரப் பிரதேசம். சென்னையும் இல்லை, பெங்களூரும் இல்லை. 2017க்குப் பிறகு அந்த லீக்கும் நின்றுபோய், ஏழு ஆண்டு கழித்துத்தான் மீண்டும் உயிர் பெற்றது. அப்போதுதான் தமிழ்நாடு டிராகன்ஸ் பிறந்தது. எட்டு ஆண்கள் அணிகளில் பெங்களூருக்கு இடமில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நம் சொந்தக்காரர்களும் இனி நம் அணிக்கே கை தட்ட வேண்டியதுதான்!

இனி ஏலக் கணக்குக்கு வருவோம். 2024 அக்டோபரில் டெல்லியில் மூன்று நாள் ஏலம் நடந்தது. ஓர் ஆண்கள் அணிக்கு 24 பேர். அதில் 16 பேர் இந்தியர், 8 பேர் வெளிநாட்டவர். அந்த 16 இந்தியரில் குறைந்தது நான்கு பேர் ஜூனியர் வீரர்களாக இருக்க வேண்டும். இந்த நான்கை மறக்காதீர்கள், பின்னால் இதற்கு வருவேன். செலவழிக்க ஓர் அணிக்கு 4 கோடி ரூபாய். வீரர்களின் அடிப்படை விலை 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் என மூன்று படிகள்.

நான்கு கோடியை 24ஆல் வகுத்தால் தலைக்கு ஏறக்குறைய 16 லட்சத்து 67 ஆயிரம். நம் அணி நெதர்லாந்தின் யிப் யான்சனை 54 லட்சத்துக்கும், அமித் ரோஹிதாஸை 48 லட்சத்துக்கும், அயர்லாந்தின் கோல்கீப்பர் டேவிட் ஹார்ட்டை 32 லட்சத்துக்கும் எடுத்தது. மொத்தம் 134 லட்சம். மீதி 266 லட்சத்தில் 21 பேரை எடுக்க வேண்டும். இப்போது தலைக்கு 12 லட்சத்து 67 ஆயிரம்தான். பெரிய வீரர் ஒருவருக்குக் கையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் மீதிப் பேருக்கான பங்கு குறைகிறது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் 54 லட்சம் எதற்கு? சந்தைக்குப் போகும் முன் வீட்டில் என்ன தீர்ந்திருக்கிறது என்று பார்ப்போம் அல்லவா? அதே வேலைதான். ஓடும் பையன்களும் பந்தைக் கடத்தும் பையன்களும் நம் நாட்டில் நிறைய உண்டு. உலகத் தரத்தில் டிராக் ஃபிளிக் போடுகிறவர்கள் குறைவு. பெனால்டி கார்னரில் நின்ற பந்தை மட்டையால் இழுத்துச் சுழற்றி வலைக்குள் வீசும் வித்தை அது. ஏல விலையே சாட்சி. அந்த ஏலத்தில் அதிக விலை போனவர் ஹர்மன்பிரீத் சிங், 78 லட்சம். வெளிநாட்டவரில் அதிக விலை போனவர் கொன்சாலோ பெய்யாட், 68 லட்சம். அர்ஜென்டினாவுக்காக ஒலிம்பிக் தங்கம் வென்று, பின்னர் ஜெர்மனிக்காக உலகக் கோப்பையும் வென்றவர் அவர். இவர்கள் இருவரும், பாரிஸில் தங்கம் வென்ற யான்சனும், மூவருமே டிராக் ஃபிளிக்கர்கள். கோல்கீப்பரும் அப்படித்தான். ஸ்ரீஜேஷ் பாரிஸ் ஒலிம்பிக்கோடு ஓய்வு பெற்ற நேரம் அது. 2015, 2016 இரண்டு ஆண்டும் உலகின் சிறந்த கோல்கீப்பர் விருது பெற்றவர் ஹார்ட்.

நாட்காட்டியும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கடும் குளிர். வெளி மைதான லீக்குகளுக்கு அப்போது இடைவேளை. நம் லீக் அந்தச் சமயத்தில்தான் நடக்கிறது. அதனால்தான் நல்ல வீரர்கள் விமானம் ஏற முடிகிறது. அடுத்தது பழக்கம். முதல் பருவத்தில் டிராகன்ஸ் பயிற்சியாளராக இருந்த ரைன் வான் ஐக் நெதர்லாந்துக்காரர். ஒளிப்படத்தில் கோலைப் பார்க்கலாம். ஆனால் தோற்ற நாளில் ஒரு வீரர் எப்படி நடந்துகொள்வார், இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாரா என்பதெல்லாம் பக்கத்தில் இருந்து பழகியவருக்குத்தான் தெரியும். நம் கம்பெனிகளில் மார்க் ஷீட்டைப் பார்த்த பிறகும் ஏன் நேரில் கூப்பிட்டுப் பேசுகிறார்கள்? அதே காரணம்தான்.

இந்த ஆள் தேடும் வேலையை ஒரு தனிக் கலையாகவே வளர்த்தவர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐஸ் ஹாக்கி நடத்துகிறவர்கள். அங்கே இளம் வீரர்களுக்கு ஏலம் கிடையாது. டிராஃப்ட் என்று ஒரு முறை உண்டு. மோசமாக ஆடிய அணிகளுக்குத் தேர்வில் முன்னுரிமை. வகுப்பில் பின்தங்கிய பையனை முன் பெஞ்சில் உட்காரவைப்பது போல. வெகு காலம் ஐரோப்பியர்களை அவர்கள் மதிக்கவே இல்லை. அடி தாங்க மாட்டார்கள் என்று எண்ணினார்கள். 1973இல் டொராண்டோ அணிக்குப் போன சுவீடனின் பெரியே சால்மிங் அந்த எண்ணத்தை உடைத்தார்.

டெட்ராய்ட் அணிக்கு ஹோக்கன் ஆண்டர்சன் என்ற சுவீடன்காரர் ஸ்கவுட்டாக இருந்தார். ஸ்கவுட் என்றால் ஊர் ஊராகப் போய் ஆளைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் வேலை. ரஷ்யாவில் வேறொரு வீரரைப் பார்க்கப் போன இடத்தில், ஒல்லியான ஓர் இளைஞர் அவர் கண்ணில் பட்டார். பெயர் பாவெல் தத்சியூக். 1998 டிராஃப்டில் 170 பேர் போன பிறகு 171ஆவதாக அவரை எடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஹென்ரிக் செட்டர்பெர்க் என்ற சுவீடன் இளைஞரை 210ஆவதாக எடுத்தார்கள். இந்த இருவரையும் தூணாக வைத்து 2008இல் டெட்ராய்ட் ஸ்டான்லி கோப்பையை வென்றது. முதல் வரிசையில் தெரிகிறவரை எல்லா அணிகளும் பார்த்துவிடும். 171ஆவது ஆளைப் பார்க்கிறவர்தான் ஸ்கவுட்.

இப்போது தம்பியின் கேள்வி. இதில் தமிழ்நாடு எங்கே? அந்த அணியில் கார்த்தி செல்வம் இருந்தார். அரியலூர்ப் பிள்ளை. கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் வளர்ந்து இந்திய அணி வரை போனவர். கோவில்பட்டியில் பல தலைமுறையாக ஹாக்கி உண்டு. அங்கே விடுதி இருந்தது, தரை இருந்தது, பார்க்கிற கண்ணும் இருந்தது. அதனால்தான் அரியலூர்ப் பிள்ளைக்கு வழி கிடைத்தது.

அமித் ரோஹிதாஸ் கதையும் அதேதான். ஒடிசாவில் சுந்தர்கர் மாவட்டம், சௌனமரா என்ற சின்ன கிராமம். முன்னாள் இந்தியத் தலைவர் திலீப் திர்க்கியும் அதே கிராமம். ரூர்கேலா பன்போஷ் விளையாட்டு விடுதிதான் ரோஹிதாஸை உருவாக்கியது. நம் ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகளிடம் ஒரு நாள் பேசிப் பாருங்கள். ஹாக்கி அவர்கள் பக்கத்துக் கிராமங்களில் எப்படி ஊறியிருக்கிறது என்று சொல்வார்கள். குடகில் 1997 முதல் குடும்பத்துக்கு ஓர் அணி என்று போட்டி நடத்துகிறார்கள். நம்மிடமிருந்து அரை நாள் பயணம்தான்.

அந்த நான்கு ஜூனியர்களுக்கு இப்போது வருகிறேன். ஐரோப்பியருக்குக் கொடுக்கும் 54 லட்சத்தை ஒரு மாத ஆட்டத்துக்கான கூலி என்று மட்டும் பார்த்தால் நஷ்டம்தான். முதல் பருவத்தில் நம் அணி நான்காம் இடத்தோடு நின்றது. ஆனால் பாரிஸ் தங்கக்காரர் பந்தை இழுத்து வீசுவதைப் பக்கத்தில் நின்று தினமும் பார்க்கும் நம் பையனுக்கு அது பள்ளிக்கூடம். வெளிநாட்டு வீரரை எடுத்ததால் லாபமா நஷ்டமா என்று கணக்குப் பார்க்க வேண்டிய இடம் அந்த நான்கு பேர்தான். அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தே வீடு திரும்பினால், வாங்கிய ஆசிரியரை வகுப்புக்கு அனுப்பாதது போல.

பெண் பிள்ளைகள் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் பெண்களுக்கான லீக் முதன்முறையாக ராஞ்சியில் நடந்தது. நான்கு அணிகள். தமிழ்நாட்டுக்கு ஒன்றும் இல்லை. ஆண்களுக்குக் கொடுத்த பணத்தில் பாதி, அதாவது 2 கோடிதான், அவர்களுக்கு. எங்கள் காலத்தில் மாவட்டப் போட்டிக்கு முதலில் பெயர் கொடுத்தவர்கள் பெண் பிள்ளைகள்தான் என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 நாடுகள் வந்தன. ஜெர்மனி வென்றது, இந்தியாவுக்கு வெண்கலம். நாளை ஏலத்துக்கு வரப்போகும் ஐரோப்பிய வீரர்களை நம் மதுரையிலேயே உட்கார்ந்து பார்க்க முடிந்தது. முன்பெல்லாம் நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

முற்றத்து மல்லிகை மணக்காது என்பார்கள். ஆம்ஸ்டர்டாம் வரை போகும் கண், தளிக்கும் கெலமங்கலத்துக்கும் வேப்பனப்பள்ளிக்கும் வர வேண்டும். அதற்கு முதல் ஸ்கவுட் கோடீஸ்வரர் அல்ல, பள்ளிக்கூடத்தின் உடற்கல்வி ஆசிரியர். அவருக்கு ஒரு மைதானமும் ஒரு பீரியடும் வேண்டும். உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், சிலர் தலைமையாசிரியர்கள், பலர் பெற்றோர். உரிமையோடு கேட்கிறேன். பரீட்சை நெருங்குகிறது என்று பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊரைச் சுற்றி லேஅவுட் போடும்போது பள்ளி மைதானத்தின் ஓரம் சுருங்கினால், பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். கம்பெனிகளில் பொறுப்பில் இருப்பவர்கள், சமூக நிதியில் ஒரு பள்ளிக்கு இருபது மட்டையும் பந்தும் வாங்கிக் கொடுக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் பள்ளியில் இன்னும் ஹாக்கி ஆடுகிறார்களா? கீழே எழுதுங்கள். ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், ஒரு பட்டியல் போட்டு வைக்கிறேன்.

எல்லோரும் நலமுடன் வாழ்க. பிள்ளைகளை வெயிலில் விளையாட விடுங்கள்.