எர்னி சேவர்ஸ்

எர்னி சேவர்ஸ் (ஆகஸ்ட் 31, 1944 - செப்டம்பர் 1, 2022) அமெரிக்காவைச் சேர்ந்த தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர் ஆவார். அதிஎடைப் பிரிவில் மிகக் கடுமையாகக் குத்தியவர்களுள் ஒருவராகக் கருதப்படும் இவர், உலகப் பட்டத்தை ஒருபோதும் வென்றதில்லை. இவரது வெற்றிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை நாக் அவுட் முறையில் கிடைத்தவை.

வாழ்க்கை

அலபாமாவில் பிறந்து ஒகையோ மாநிலத்தில் வளர்ந்தார். இருபது வயதைக் கடந்த பின்னரே குத்துச்சண்டை பயிலத் தொடங்கி, 1969 இல் தொழில்முறை வீரரானார். ஆட்டம் நீண்டால் களைத்துவிடுவது இவரது பெருங்குறை. 1973 இல் முன்னாள் உலக வாகையாளர் ஜிம்மி எல்லிசை முதற் சுற்றிலேயே வீழ்த்தினார். அதே ஆண்டு டிசம்பரில் ஜெரி குவாரியிடம் முதற் சுற்றிலேயே தோற்றார்.

உலகப் பட்டப் போட்டிகள்

செப்டம்பர் 29, 1977 இல் நியூயார்க்கின் மாடிசன் ஸ்குயர் கார்டன் அரங்கில் முகமது அலியை எதிர்கொண்டார். இரண்டாம் சுற்றில் இவரது வலக்கைக் குத்தால் அலி நிலைகுலைந்தார். ஆனால் அலி தள்ளாடுவதுபோல் நடிப்பதாகக் காட்டிக்கொள்ளவே, அது பொறியாக இருக்கலாம் என ஐயுற்ற சேவர்ஸ் தொடர்ந்து பாய்ந்து தாக்கவில்லை. உண்மையில் அலி அப்போது தடுமாறிக்கொண்டுதான் இருந்தார். 15 சுற்றுகளின் முடிவில் அலி புள்ளிகள் அடிப்படையில் வென்றார். எனினும் அவர் வாங்கிய அடிகள் மிகுதி. அலியின் மருத்துவர் பெர்டி பச்சேக்கோ இப்போட்டிக்குப் பின் அவரை ஓய்வு பெறுமாறு வற்புறுத்தினார். அலி அதற்கு இணங்காததால் குழுவிலிருந்து விலகினார்.

மார்ச் 1979 இல் கென் நார்ட்டனை முதற் சுற்றிலேயே வீழ்த்திய சேவர்ஸ், அதே ஆண்டு செப்டம்பரில் லாஸ் வேகசில் வாகையாளர் லாரி ஹோம்சுடன் மோதினார். ஏழாம் சுற்றில் ஹோம்ஸ் தரையில் சாய்ந்தார். பட்டம் அநேகமாகக் கைக்கு வந்துவிட்டது எனலாம். ஆனால் ஹோம்ஸ் எழுந்து நின்று, 11 ஆம் சுற்றில் போட்டியை வென்றார்.

பிற்காலம்

விழித்திரைப் பாதிப்பால் 1983 இல் ஓய்வு பெற்றார். பின்னர் கிறித்தவ மதபோதகராகப் பணியாற்றினார். தமது 78 ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள் காலமானார்.