டி.சி. மின்னழுத்த மாற்றி: வெளியீடு வராத பழுது

டி.சி. மின்னழுத்த மாற்றி, ஓர் அளவிலுள்ள நேர்திசை மின்னழுத்தத்தை ஏற்றியோ இறக்கியோ தரும் மின்சுற்று. உள்ளே மின்சாரம் வந்தும் வெளியே ஒன்றும் வராமல் இருப்பதே இதில் அடிக்கடி காணும் பழுது. டிரான்ஸ்ஃபார்மரோ காயிலோ மாறாத மின்சாரத்தில் வேலை செய்யாது, ஆகவே டி.சி.யை முதலில் துண்டாக்கியாக வேண்டும். துண்டாக்கும் உறுப்பு எதுவோ, அதுவே அந்தந்தக் காலத்துப் பழுதின் தன்மையையும் முடிவு செய்தது.

முன்வரலாறு

1930களில் கார் வானொலியின் வால்வுகளுக்கு 200 வோல்ட்டும் அதற்கு மேலும் தேவைப்பட்டன. காரில் இருந்ததோ 6 வோல்ட் பேட்டரி. இந்தக் குறையைத் தீர்த்தது வைப்ரேட்டர். அதன் மெல்லிய எஃகுத் தகடு நொடிக்கு ஏறத்தாழ 115 தடவை அதிர்ந்து, டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுருளின் இரு பாதிகளுக்கும் பேட்டரியை மாறி மாறி இணைக்கும். அமெரிக்காவின் மல்லோரி நிறுவனம் இதற்குப் பெயர் பெற்றது. கிடைத்த உயர் மின்னழுத்தத்தை ஓஇசட்4 போன்ற, இழையே இல்லாத வாயு வால்வு டி.சி.யாக்கும். சில வைப்ரேட்டர்களில் இன்னொரு சோடி தொடுமுனைகளே அந்த வேலையையும் பார்த்துக்கொண்டன.

அன்றைய மெக்கானிக்குக் காதுதான் முதல் கருவி. ரீங்காரம் கேட்டும் உயர் மின்னழுத்தம் இல்லையென்றால், வாயு வால்வையோ துணைச்சுருளின் குறுக்கே உள்ள பஃபர் மின்தேக்கியையோ பார்ப்பார். ரீங்காரமே இல்லையென்றால் தொடுமுனை தீய்ந்திருக்கும். ஒட்டிக்கொண்டிருந்தால் ஃபியூஸும் போயிருக்கும். கெட்ட பஃபர் மின்தேக்கியை விட்டுவிட்டு வைப்ரேட்டரை மட்டும் மாற்றியவருக்கு அதே வண்டி மீண்டும் வந்து நிற்கும். அதிக மின்சாரம் தேவைப்பட்ட இராணுவ வானொலிகளில் வைப்ரேட்டருக்குப் பதில் டைனமோட்டார் எனும் சுழல் எந்திரம் இருந்தது.

டிரான்சிஸ்டர் வந்தபின் அதிரும் தகடு தேவையற்றுப்போனது. 1950களின் நடுவில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ராயர், இரண்டு டிரான்சிஸ்டர்களைக் கொண்டு தானே அலைவுறும் மாற்றியை அமைத்தார். கட்டுப்பாட்டுச் சுற்று முழுவதும் ஒரே ஐசிக்குள் அடங்கியது 1976இல், சிலிக்கான் ஜெனரல் நிறுவனத்தின் எஸ்ஜி1524இல். காதால் பழுது பார்க்கும் காலம் அத்துடன் பெரும்பாலும் முடிந்தது. சுவிட்ச் செய்யும் வேகம் செவிக்கு எட்டாத அளவுக்கு உயர்ந்துவிட்டது.

வகையும் அறிகுறியும்

இறக்கும் மாற்றியில் சுவிட்ச் வேலை செய்யாவிட்டால் வெளியீடு சுழி. சுவிட்ச் ஷார்ட் ஆனால் உள்ளீடு முழுவதும் வெளியே வந்து, அடுத்துள்ள கருவியையும் கெடுக்கும். ஏற்றும் மாற்றி இதற்கு நேர்மாறு. அதில் சுவிட்ச் ஓடாவிட்டாலும் காயில், டயோடு வழியாக உள்ளீட்டு மின்னழுத்தம், டயோடு இழப்பு போக, வெளியே வந்தே தீரும். எனவே 12 வோல்ட்டை 24 ஆக்க வேண்டிய சுற்று 11.6 காட்டினால் சுவிட்ச் பகுதி உறங்குகிறது. சுழி காட்டினால் ஃபியூஸ், காயில், டயோடு ஆகியவற்றில் ஒன்று அறுந்திருக்கும், அல்லது வெளியீடு ஷார்ட். மல்டிமீட்டரின் ஒரே அளவீடு பாதித் தேடலை மிச்சப்படுத்துகிறது.

சோதனை

பேட்டரி முனையில் அல்ல, ஐசியின் கால்களிலேயே உள்ளீட்டை அளக்க வேண்டும்; மெல்லிய வயரும் டிரை சால்டரும் நடுவழியில் மின்னழுத்தத்தை விழுங்கிவிடும். மின்சாரத்தை நிறுத்தி, வெளியீட்டுக்கும் தரைக்கும் இடையே ஷார்ட் உண்டா என்று பார்ப்பது அடுத்தது. மறுபடி மின்சாரம் கொடுக்கையில் தொடராக ஒரு கார் பல்பைப் போட்டுக்கொண்டால் ஐசி தப்பும்.

அடுத்து இயக்கக் கால். இறக்கும் மாற்றியில் வரும் எல்எம்2596 ஐசியின் 5ஆம் கால் தரையோடு சேர்ந்தால் அது ஓடும். மேலே இழுத்தால் நின்றுவிடும். மின்னழுத்தம் மாற்றத்தக்க வகையில், பின்னூட்டத்துக்குரிய 4ஆம் காலில் 1.23 வோல்ட்டுக்கு மேல் இருந்தால், வெளியீடு போதுமென்று கருதி ஐசி சுவிட்சைத் திறந்தே வைத்திருக்கும். அதே வகையில் வெளியீடு 1.23 வோல்ட்டிலேயே நின்றால் பின்னூட்டத்தின் கீழ் மின்தடை அறுந்திருக்கிறது.

யூசி3842 எனும் கட்டுப்பாட்டு ஐசி தொடங்க ஏறத்தாழ 16 வோல்ட் வேண்டும், யூசி3843க்கு 8.4 போதும். கடையில் 3843 இல்லையென்று 3842ஐ வாங்கி 12 வோல்ட் சுற்றில் வைத்தால், குறையில்லாத ஐசியும் செத்ததுபோல் கிடக்கும். 'டிக் டிக்' என்று விட்டுவிட்டு ஒலிப்பது, ஐசி தொடங்கித் தொடங்கி நிற்பதன் அடையாளம்: வெளியீட்டு ஷார்ட்டோ, ஐசியின் மின்வழங்கலில் உள்ள சிறு மின்தேக்கி வற்றியதோ காரணமாக இருக்கும். இந்தச் சிறு மின்தேக்கியைத் தவிர, எடுத்த எடுப்பில் எல்லா மின்தேக்கிகளையும் கழற்றி மாற்றுவது பணச்செலவே தவிரப் பழுது பார்த்தல் ஆகாது.

காயிலையும் உள்ளடக்கிய ஒற்றைத் தொகுதிகள் இன்று பரவியுள்ளன. அவை கெட்டால் மாற்றுவதே வழி.